மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடம்

கேட்டிருப்பவர் சிங்கப்பூரின் பொங்கோலில் வசிக்கும் ஒரு தாய். பதினொரு வயதில் மகள், எட்டு வயதில் மகன், ஐந்து வயதில் கடைக்குட்டி. மூவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். மூத்தவள் அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறாள். மற்ற பாடங்கள் ஓடிக்கொண்டிருக்க, வரலாறு மட்டும் தொடங்கவே இல்லை. எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது, மூவருக்கும் தனித்தனியாக நடத்த வேண்டுமா, அதற்கு நேரம் எங்கிருந்து வரும், தமிழர் வரலாறு எதிலும் காணோமே என்ன செய்வது, எந்த மொழியில் நடத்துவது என்பவை அவருடைய கேள்விகள்.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். பிறகு என் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவள். எனவே இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் உண்டு. அவற்றை அப்படியே சொல்கிறேன்.

மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வரலாற்றுப் பாடத்திட்டங்களை வாங்காதீர்கள். கணக்கில் ஐந்து வயதுக்காரனையும் பதினொரு வயதுக்காரியையும் ஒரே பாயில் உட்கார வைக்க முடியாது. பின்னம் தெரியாதவனுக்கு விகிதம் புரியாது. வரலாற்றில் அந்தப் படிக்கட்டு கிடையாது. ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, போன கதையை ஐந்து வயதிலும் கேட்கலாம், ஐம்பது வயதிலும் கேட்கலாம். கேட்ட பிறகு ஒவ்வொருவரிடமும் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதுதான் மாறுகிறது. மூவருக்கும் ஒரே காலகட்டம், ஒரே வாசிப்பு, மூன்று விதமான வேலை. இந்த ஏற்பாட்டில் உங்கள் தயாரிப்பு நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சாப்பாட்டு மேசையில் மூவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பாட நேரத்தில் கற்பதைவிட அதிகம்.

இங்குள்ள சட்ட நிலவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அட்டவணைக்கு அடிப்படை அதுவே. 2003 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் விலக்குப் பெற்றுத்தான் நாம் வீட்டில் கற்பிக்கிறோம். பிள்ளை பிஎஸ்எல்இ எழுதி, கல்வி அமைச்சு குறித்திருக்கும் அளவை எட்ட வேண்டும். அந்தத் தேர்வில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் உண்டு; வரலாறு இல்லை. நெருக்கடி வந்தால் நாம் முதலில் கைவிடுவது வரலாற்றைத்தான் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் தொடக்கநிலை 6இல் தேசியக் கல்வி வினாவிடைத் தேர்வு ஒன்றையும் நம் பிள்ளைகள் எழுத வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி சிங்கப்பூரின் கதைதான். இதை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டில் வரலாற்றுக்கு ஓர் இடம் பிடித்துவிடலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பாடத்திட்டத் தேர்வுக்கு வருவோம். வீட்டுக்கல்விக் குடும்பங்களிடையே புழங்குபவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, உலக வரலாற்றைத் தொடர்கதைபோல் சொல்லும் ஒரு நூல்வரிசை. பலருடைய வீட்டிலும் இருப்பது சூசன் வைஸ் பாவரின் ‘தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்’. நான்கு தொகுதிகள், நான்கு ஆண்டுகள். நாடோடி மக்களில் தொடங்கி ரோமாபுரியின் கடைசிப் பேரரசர் வரை முதல் தொகுதி. நம் காலத்தை நெருங்குவது நான்காம் தொகுதி. உரக்கப் படிக்க ஏற்ற நடை. எட்டு வயதுக்காரனுக்குச் சரியாகப் பொருந்தும். ஐந்து வயதுக்காரன் பாதியைப் பிடித்துக்கொள்வான்.

இரண்டாம் வகை, எல்லா வயதுக்கும் சேர்த்தே தயாரித்த பெரிய தொகுப்பு. ‘டேப்பஸ்ட்ரி ஆஃப் கிரேஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வாரத்தில் வீடு முழுவதும் ஒரே தலைப்பைப் படிக்கும். ஆனால் நான்கு நிலைகளுக்கு நான்கு வாசிப்புப் பட்டியல்கள் இருக்கும். யோசனை அருமையானது. பட்டியலில் உள்ள புத்தகங்களை இங்கே தேடிப் பிடிப்பதற்குள் வாரம் முடிந்துவிடும். அது கிறிஸ்துவப் பார்வையில் எழுதப்பட்டது. ‘தி மிஸ்டரி ஆஃப் ஹிஸ்டரி’ இன்னும் வெளிப்படையாக உலகப் படைப்பிலிருந்தே தொடங்கும். உங்கள் வீட்டு நம்பிக்கைக்கு அது ஒத்துவருமா என்பதை மாதிரிப் பக்கங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பணத்தைக் கட்டிய பிறகு பார்ப்பது வேண்டாம்.

மூன்றாம் வகை, இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் வழி வந்தது. பயிற்சித்தாள் கிடையாது. நல்ல நூலை ஒருமுறை படிப்பது, பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். ‘ஆம்பிள்சைட் ஆன்லைன்’ இந்த வழியில் இலவசமாகவே பாடத்திட்டம் தருகிறது. அதன் பட்டியலில் இங்கிலாந்து, அமெரிக்க வரலாறு நிறைய. ஆங்கிலமும் பழைய நடை. ஆனால் அதன் கற்பிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்க அதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

என் பரிந்துரை: முதல் வகையிலிருந்து நூல், மூன்றாம் வகையிலிருந்து முறை. இரண்டாம் வகைக்குச் செலவழிக்கும் பணத்தை மலாக்காவுக்கோ தஞ்சாவூருக்கோ ஒருமுறை போய்வர வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, தமிழர் எங்கே என்ற கேள்வி. இந்த நூல்களில் தமிழர் மட்டுமா இல்லை, தென்கிழக்காசியாவே கிட்டத்தட்ட இல்லை. அங்கிருந்த பழைய அரசுகளான ஸ்ரீவிஜயம், மஜாபாகித், மலாக்கா எல்லாம் போகிற போக்கில் வந்தால் உண்டு. ஆகவே இடைவெளியை நாம்தான் நிரப்ப வேண்டும். அதற்காகத் ‘தமிழர் வரலாறு’ என்று தனியாக ஒரு பாடம் தொடங்காதீர்கள். அது ஒரு மாதம் ஓடிவிட்டு நின்றுபோகும். அதே உலகக் கதைக்குள் கடல் வழியாக நுழையுங்கள். ரோமாபுரியைப் படிக்கும் வாரத்தில் அதனோடு வணிகம் செய்த நம் துறைமுகங்களான அரிக்கமேடும் முசிறியும் வர வேண்டும். தாய்லாந்தின் குளோங் தோம் என்ற இடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஒரு பொற்கொல்லரின் உரைகல் கிடைத்திருக்கிறது, கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தங்கத்தை உரசிப் பார்க்கும் சின்னக் கல்தான். ஆனால் அதை மடியில் கட்டிக்கொண்டு யாரோ ஒருவர் வங்கக் கடலைக் கடந்திருக்கிறார் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். அரபு வணிகர்களைப் படிக்கும் வாரத்தில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போங்கள். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டுபிடிக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. கிடைத்த சீனப் பீங்கான்கள் ஏறத்தாழ 60,000. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் கிடையாது.

ஒரு பாடத்தை அருகில் வைத்துக் காட்டினால் நான் சொல்வது விளங்கும். எடுத்துக்கொள்வது சோழரும் ஸ்ரீவிஜயமும்.

முதல் ஐந்து நிமிடம் வரைபடம். நாகப்பட்டினம் எங்கே, கெடா எங்கே, சுமத்ரா எங்கே, நம் வீடு எங்கே. கடைக்குட்டி விரலால் கடலைக் கடக்கட்டும். அடுத்த கால் மணி நேரம் நீங்கள் வாசிக்கிறீர்கள் அல்லது சொல்கிறீர்கள்: ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். ராஜராஜ சோழன் 1006இல் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். சைவ மன்னன் பௌத்த விகாரத்துக்குக் கொடுத்த கொடை. அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது கப்பற்படையை அனுப்பி அதன் அரசனைச் சிறைபிடித்தான். வென்ற துறைமுகங்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. பிறகு 1090இல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி குலோத்துங்கன் அந்த விகாரத்தின் நிலங்களுக்கு வரிவிலக்குத் தந்தான். நட்பு, போர், மறுபடி நட்பு.

இப்போது புத்தகத்தை மூடிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சின்னவனிடமிருந்து தொடங்க வேண்டும். பெரியவள் முதலில் பேசிவிட்டால் மற்ற இருவருக்கும் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. கடைக்குட்டி, “ஒரு ராஜா கப்பல் அனுப்பினார், இன்னொரு ராஜாவைப் பிடித்துவிட்டார்” என்பான். போதும், அவன் படம் வரையப் போகலாம். நடுப்பிள்ளை கோர்வையாகச் சொல்ல வேண்டும். யார், எங்கே, எதன் பிறகு எது. சொன்னதில் இரண்டு வரியை வரைபடத்தின் கீழ் எழுதட்டும். மூத்தவளிடம் கதையைக் கேட்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். பத்தொன்பதே ஆண்டுகளில் நண்பன் எப்படி எதிரியானான்? சீனாவுக்குப் போகும் வணிகப் பாதையை யார் கையில் வைத்திருந்தார்கள்? ஆய்வாளர்களிடையே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். அவள் அரை மணி நேரம் தனியாக இன்னும் கொஞ்சம் படித்து, ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. நீங்கள் கூட இருக்க வேண்டிய நேரம் முக்கால் மணிக்கு மேல் போகாது.

இதிலேயே ஓர் எச்சரிக்கை. தமிழர் வரலாற்றைத் தேடத் தொடங்கினால் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் உங்கள் பாடத்துக்குள் நுழையப் பார்க்கும். ஐம்பதாயிரம் ஆண்டு நாகரிகம், கடலுக்குள் போன கண்டம், சிங்கப்பூருக்குப் பெயர் வைத்ததே சோழன் என்று ஒரு வரிசை வரும். சிங்கப்பூர் ஆற்று முகத்தில் இருந்து 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்லின் மிச்சத்துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்து இன்னும் திட்டவட்டமாகப் படிக்கப்படவில்லை. அதைத் தமிழ்க் கல்வெட்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கீழடியில் கிடைத்த பொருள்களுக்குக் காலக்கணிப்பு கி.மு. 580 வரை போகிறது. உரைகல் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. கையில் இவ்வளவு இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு? மூத்தவளுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிடுங்கள்: “இது எதில் இருக்கிறது?” தாத்தாவிடம் அதைக் கேட்டு வீட்டில் கொஞ்சம் சலசலப்பு வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது, ஆண்டுகளின் வரிசை. நான்காண்டுச் சுற்றை வலியுறுத்துபவர்கள் ஆதிகாலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். மூத்தவளுக்கு இருப்பது ஒரு சுற்றுக்கான காலம்தான். நடுவில் பிஎஸ்எல்இ வேறு. கடைக்குட்டிக்கோ எங்கிருந்து தொடங்கினாலும் முழுச் சுற்று கிடைத்துவிடும், அதன் பிறகும் காலம் மிச்சமிருக்கும். எனவே மூத்தவளை வைத்து வரிசையைத் தீர்மானியுங்கள். இந்த ஆண்டு, நடுக்காலமும் நம் கடலும்: நூலின் இரண்டாம் தொகுதி, அதாவது ரோமாபுரியின் வீழ்ச்சிக்குப் பிறகான காலம். அதில் தொடங்கி 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்த கதைக்கு வந்து சேருங்கள். அடுத்த ஆண்டு, பிஎஸ்எல்இ ஆண்டு, சிங்கப்பூர் மட்டும்: 1819 முதல் 1965 வரை. வெளிநாட்டு நூல் எதுவும் வேண்டாம். தொடக்கநிலை சமூகப் பாடநூல்களும் நடைப்பயணமும் போதும். வினாவிடைத் தேர்வுக்கும் அதுவே தயாரிப்பு. மூன்றாம் ஆண்டில் ஆதிகாலத்துக்குப் போகலாம். அப்போது கடைக்குட்டிக்கு ஏழு வயது, மம்மிகளைப் பற்றிக் கேட்க அதைவிட நல்ல வயது கிடையாது. நான்காம் ஆண்டு காலனி ஆதிக்கத்தின் காலம், ஐந்தாம் ஆண்டு இருபதாம் நூற்றாண்டு. அப்போது மூத்தவளுக்குப் பதினைந்து. உயர்நிலைத் தேர்வில் வரலாறு எடுக்க நினைத்தால் உலகப் போர்களும் பனிப்போரும்தான் அங்கே முக்கியம்; சரியான நேரத்தில் வந்து நிற்பாள்.

காலவரிசை குலைந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரிசை சுவரில் இருக்கட்டும். நீளமான காகிதச் சுருளை நடைவழிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பத்து சென்டிமீட்டர். கி.மு. 600இலிருந்து கி.பி. 2000 வரை 2.6 மீட்டர், வீவக அடுக்குமாடி வீட்டுச் சுவரில் தாராளமாக அடங்கும். சிந்துவெளியையும் சேர்க்க நினைத்தால் இன்னும் இரண்டு மீட்டர் வேண்டும், மூலையில் திருப்பிக்கொள்ளலாம். படிப்பதையெல்லாம் அதனதன் இடத்தில் எழுதி ஒட்டினால் எந்த ஆண்டை முதலில் படித்தோம் என்பது பெரிய விஷயமில்லை. ராஃபிள்ஸ் வந்ததிலிருந்து இன்றுவரை அந்தச் சுருளில் ஒரு சாண் அளவுதான் என்பதை நடுப்பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பான். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அட்டவணைக்கு வருகிறேன். இந்த நூலின் ஒரு தொகுதியில் 42 அத்தியாயங்கள். இங்கே பள்ளி ஆண்டில் நான்கு தவணைகள், தவணைக்குப் பத்து வாரம், ஆக 40 வாரம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று போட்டால் முதல் காய்ச்சலிலேயே பின்தங்கிவிடுவீர்கள். மார்ச் மாதத்தில் குற்ற உணர்ச்சி, ஜூனில் கைவிடல். இதுதான் வழக்கமாக நடக்கிறது. தவணைக்கு ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள். மிஞ்சுவது 36. அதில் 24 வாரம் நூலுக்கு, 12 வாரம் நம் கடலுக்கு. 24 வாரத்தில் 42 அத்தியாயங்கள் எப்படி அடங்கும் என்றால், அடங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய அரச குடும்பங்களின் வாரிசுச் சண்டைகளை இரவில் கதையாக வாசித்துக் கடந்துவிடுங்கள். திருப்பிச் சொல்லல் இல்லை, எழுத்து இல்லை. நூல் உங்களுக்கு வேலை செய்ய வேண்டும், நீங்கள் நூலுக்கு வேலை செய்யக்கூடாது.

வாரத்தில் இரண்டு காலைகள் போதும். செவ்வாயும் வியாழனும் என்று வையுங்கள். திங்களை விட்டுவிடுங்கள், அன்று கணக்கே தள்ளாடும். வெள்ளிக்கிழமை நூலகம். புத்தகத் தவணை மூன்று வாரம் என்பதால் மூன்று வாரத் தலைப்புகளுக்குச் சேர்த்து எடுத்துவிடலாம். எந்தக் கிளையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதை முந்தைய ஞாயிறு இரவே கைப்பேசியில் பார்த்துவிடுங்கள். இரண்டு பஸ் மாறிப் போய் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த வாரம் யாருக்கும் கிளம்பத் தோன்றாது.

ஆண்டுக்குள் இடம்பிடிக்க வேண்டிய தேதிகள் சில உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் நகரத்தார் பற்றி: சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகிறது, பின்னது 1859இல் நகரத்தார் எழுப்பியது. அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்தன. பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினம். 1942இல் பிரிட்டிஷார் சரணடைந்தது அன்றுதான். அதே பிப்ரவரி 15இல், 1915ஆம் ஆண்டு, இங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூத்தவளுக்கு ஒரு மாதத்துக்கான கேள்விகள் கிடைத்துவிடும். ஆகஸ்டில் தேசிய தினம். அதற்குள் 1963 இணைப்பும் 1965 பிரிவும் முடிந்திருக்க வேண்டும். பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில், எழுத்துத் தேர்வு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. ஆகவே அடுத்த ஆண்டு ஜூலையோடு மூத்தவளின் எழுத்து வேலை நிற்கட்டும். தம்பிகள் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். தேர்வு முடிந்ததும் நவம்பர், டிசம்பர் முழுக்க நடை, அரும்பொருளகம், தாத்தா பாட்டியிடம் பேட்டி.

நடை என்றேன். சிங்கப்பூர் ஆண்டின் பாதிப் பாடம் அதில்தான். சவுத் பிரிட்ஜ் சாலையில் தொடங்குங்கள். 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயில். சில எட்டுகள் தள்ளி, சூலியா முஸ்லிம்கள் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல். அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு நடந்தால் 1830இல் கட்டி முடித்த நாகூர் தர்கா. அந்தத் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. இப்போது கடலைக் காண எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று நடுப்பிள்ளை எண்ணிப் பார்க்கட்டும். இன்னொரு நாள் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது அது. சுவருக்குப் பூசிய மதராஸ் சுண்ணாம்புக் கலவையில் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்தார்கள். கடைக்குட்டி வீட்டுக்கு வந்ததும் செய்து பார்க்கக் கேட்பான். முட்டையை ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இடங்களையும் ஒரே நாளில் காட்ட ஆசைப்படாதீர்கள். வெயிலில் ஐந்து வயதுக் கால்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலை எட்டரைக்குத் தொடங்கி, பத்து மணிக்கு ஒரு தோசையோடு முடியுங்கள்.

போர்க்காலத்தை ஐந்து வயதுக்காரன் முன்னால் எப்படிச் சொல்வது? இங்கு மட்டும் மூவரையும் பிரித்துவிடுங்கள். சின்னவனுக்கு மரவள்ளிக்கிழங்கும் வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டும் போதும். நடுப்பிள்ளைக்கு நகரம் எப்படி வீழ்ந்தது, பெயர் எப்படி சியோனான் ஆனது என்பது வரை. மூத்தவளுக்கு முழுவதும் சொல்லலாம்: ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலை, மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழ்த் தொழிலாளர்கள், தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபேரர் பார்க்கில் 1942 பிப்ரவரி 17இல் இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்த காட்சி, அடுத்த ஆண்டு அக்டோபர் 21இல் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது, அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள். ஒரே போரில் சீனர் வீட்டு நினைவு வேறாகவும் தமிழர் வீட்டு நினைவு வேறாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பதினொரு, பன்னிரண்டு வயதில் புரிந்துகொள்ள முடியும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்டுவிட்டு, பத்து நிமிடப் பகுதியைத் தேர்ந்தெடுத்து அவளுக்குப் போடுங்கள்.

தமிழா, ஆங்கிலமா? வாசிப்பு எந்த மொழியில் இருந்தாலும் இருக்கட்டும். திருப்பிச் சொல்வது வாரத்தில் ஒரு நாளாவது தமிழில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்லும்போது பிள்ளை வாக்கியத்தைத் தானே கட்டியாக வேண்டும்; பாடமாக்கி ஒப்பிக்க வழியில்லை. தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்தத் துணைப்பாட நிலையமும் தருவதில்லை என்பது என் எண்ணம். பேச்சுத் தமிழில் சொல்லட்டும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். எழுத்து மூத்தவளுக்கு மட்டும். சிங்கப்பூர் ஆண்டில் அவளுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம்: 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. 1950களின் ஒரு விளம்பரப் பக்கத்தை எடுத்து, அன்று மக்கள் எதை வாங்கினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தலைப்புச் செய்தியைவிட அதில் அதிகம் தெரியும்.

கடைசியாக, ஆவணம். அமைச்சுக்கு ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் அல்லவா? வரலாற்றுக்கென்று தனியாக எதையும் தயாரிக்காதீர்கள். பிள்ளைக்கு ஒரு கோப்பு. கடைக்குட்டி வரைந்த படத்தின் பின்னால் அவன் சொன்னதைச் சொன்னபடியே நீங்கள் எழுதி, தேதி போடுங்கள். நடுப்பிள்ளையின் வரைபடம், மூத்தவளின் பக்கம், நடை போன நாளில் எடுத்த ஒரு புகைப்படம். தவணைக்கு ஆறு ஏழு தாள்கள் சேர்ந்தால் போதும். மூத்தவளின் கோப்பில் மட்டும் தேசியக் கல்வி என்று ஒரு பிரிவு வைத்து, சிங்கப்பூர் தொடர்பானவற்றை அதில் போட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வினாவிடைத் தேர்வுக்கு முன் அவள் புரட்டிப் பார்க்க அதுவே போதும். இரண்டாம் தொகுதி உங்கள் வட்டார நூலகத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஓர் அத்தியாயத்தை இந்த வியாழக்கிழமையே மூவருக்கும் வாசித்துப் பாருங்கள். கடைக்குட்டி பதினைந்து நிமிடம் உட்கார்ந்தான் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் அதையே சுருக்கி வாய்மொழிக் கதையாகச் சொல்லுங்கள்.